வேன் வேண்டாம், ஸ்கூட்டர் போதும்

கொடைக்கானல்,
ஐப்பசி, ஞாயிறு இரவு

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிள்ளைகளுக்குச் சளி. இந்த மழையில் இந்த ஊரில் யாருக்குத்தான் சளி இல்லை? வீடு வீடாகப் போய் நாய்க்கு நகம் வெட்ட வேன் வாங்கலாம் என்று நீ அனுப்பிய படங்களையும் விலை விவரத்தையும் பார்த்தேன். போனில் பதில் சொன்னால் பாதியில் சிக்னல் போய்விடும். போகாவிட்டால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று கேட்டுக்கொண்டு, பிறகு உன் இஷ்டப்படி செய்வாய். அதனால்தான் எழுதியே அனுப்புகிறேன். இரண்டு தடவை படி.

வேன் வேண்டாம். சென்னையிலும் பெங்களூரிலும் குளிப்பாட்டும் தொட்டி, டிரையர், ஜெனரேட்டர் எல்லாம் வைத்து வேன் ஓட்டுகிறார்கள், உண்மைதான். அங்கே ஒரு அடுக்குமாடி வாசலில் வண்டியை நிறுத்தினால் நாலைந்து நாய்க்கு வேலை முடியும். இங்கே வட்டக்கானலில் எத்தனையோ வீடுகளுக்குப் படிக்கட்டுதான் வழி. நாயுடுபுரத்துச் சந்தில் எதிரே ஒரு ஜீப் வந்தால் யாராவது ஒருவர் பின்னாலேயே போயாக வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்துவிட்டது, ஆனாலும் சீசன் ஞாயிற்றுக்கிழமையில் மூஞ்சிக்கல்லில் மாட்டினால் மாட்டியதுதான். ஸ்கூட்டர் என்றால் ஓரமாக நுழைந்து போய்விடலாம். குளிப்பாட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் இங்கே மனுஷர்களே குளிக்க யோசிக்கிறார்கள். மார்கழியில் ஏரிப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி. அந்தக் குளிரில் நாயை நனைக்க யார் சம்மதிப்பார்கள்?

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. முன்னால் ஏறி இறங்கிய பத்து நாய்களின் வாசனை அடிக்கும் வண்டிக்குள் ஒரு நாயைத் தூக்கி வைத்தால் அது நடுங்கத் தொடங்கிவிடும். தன் வீட்டுத் திண்ணையில், தன் சாக்கின் மேல், எஜமானி பக்கத்தில் இருக்கும்போது பிடித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நீ வேலை பார்க்கும் கடையில் படுகிற பாட்டில் பெரும்பகுதி நாயால் வருவதில்லை, இடத்தால் வருவது. வீடு தேடிப் போகிறோமே, அதன் பலனே அதுதான். அதை வேனுக்குள் அடைத்து வீணாக்காதே.

"ஊரில் இத்தனை நாய் இருக்கிறதே, எல்லாம் வாடிக்கைதானே" என்று எழுதியிருந்தாய். அதுவும் இல்லை. மலை நாய் நாள் முழுக்கக் கல்லிலும் தாரிலும் ஏறி இறங்குகிறது. அதன் நகத்தைப் பாறையே தேய்த்துவிடும். நம்மைக் கூப்பிடுகிறவர்கள் வேறு. மரத்தரை போட்ட பழைய பங்களாக்களில் 'டக் டக்' சத்தம் தாங்காமல் கூப்பிடுவார்கள். சிறுத்தைக்குப் பயந்து ராத்திரியும் பகலும் நாயை உள்ளேயே வைத்திருப்பவர்கள் கூப்பிடுவார்கள். கணப்புப் பக்கத்தை விட்டு நகராத கிழ நாய்களுக்குக் கூப்பிடுவார்கள். இப்போது புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது, ஹோம்ஸ்டேக்கு நாயோடு வருகிறவர்கள். ஃபிளாட்டின் வழவழத் தரையில் வளர்ந்த நகத்தோடு நாயைக் கூட்டிவந்து, முதல் நாளே பாறையில் ஏற்றுவார்கள். நகம் இடுக்கில் மாட்டிப் பாதியில் பிளந்துகொள்ளும். பிறகு ராத்திரி ஒன்பது மணிக்கு போன். நகம் வேரோடு பிய்ந்திருந்தால் நான் கை வைப்பதில்லை, டாக்டரிடம்தான் அனுப்புகிறேன்.

சீசனில் வேலை நிறைய வரும் என்று கணக்குப் போட்டிருப்பாய். தலைகீழ். சித்திரை, வைகாசியில் உள்ளூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடவே நேரம் சரியாக இருக்கும், நாயின் நினைப்பே வராது. கோடை விழாவில் நாய்க் கண்காட்சி வைப்பார்கள், அதற்கு முந்தின நாள்களில் மட்டும் ஒரு ஓட்டம் ஓட வேண்டியிருக்கும். நம் பிழைப்பு ஆடியிலிருந்து பங்குனி வரை, மழையிலும் பனியிலும்தான்.

நகம் வெட்டத் தெரியும் என்கிறாய். தெரியும், மறுக்கவில்லை. வெள்ளை நகம் சுலபம். உள்ளே ஓடும் இளஞ்சிவப்புச் சதை வெளியிலிருந்தே தெரியும், அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். இங்கே வரும் லாப்ரடார், தேனிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து காவலுக்குக் கட்டும் கோம்பை, இவற்றுக்குப் பெரும்பாலும் கருநகம். ஒரே வெட்டில் முடிக்கப் பார்க்காதே. சீவல் சீவலாக எடு. வெட்டின முகத்தைப் பார்த்துக்கொண்டே போ. முதலில் சுண்ணாம்புப் பொடி மாதிரி வறண்டு தெரியும். நடுவில் கருமையாக ஒரு புள்ளி எழும்பியதும் நிறுத்து, அதற்குப் பின்னால் நரம்பும் ரத்தமும்தான். அதிகமாக வளரவிட்ட நகத்தில் உள்சதையும் கூடவே நீண்டிருக்கும். ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. வாரம் ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் சதை தானாகப் பின்வாங்கும். இதைச் சொந்தக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடு. இல்லாவிட்டால் "காசு வாங்கிக்கொண்டு நுனியை மட்டும் கிள்ளிவிட்டுப் போகிறாள்" என்பார்கள். படிகாரம் எப்போதும் பையில் இருக்கட்டும். ரத்தம் எட்டிப் பார்த்தால் அதைப் பொடித்து அழுத்திப் பிடித்துக்கொள்.

இங்கே வந்து நான் கற்றது ஒன்று சொல்கிறேன். காலையில் கிளிப்பர் பனிக்கட்டியாக இருக்கும். அதை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு போவேன். கையை வெந்நீர் டம்ளரில் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் பாதத்தைத் தொடுவேன். மழைக்காலத்தில் விரல் இடுக்கை விரித்துப் பார்க்காமல் நகத்துக்குப் போகாதே, அட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். உப்பு ஒரு சிட்டிகை போதும்.

போன வாரம் பூம்பாறையில் ஒரு பூண்டுத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். கிழட்டு நாய், முகமெல்லாம் நரைத்துவிட்டது. நொண்டுகிறது, முள் ஏறியிருக்கும் போல என்று கூப்பிட்டிருந்தார்கள். மற்ற நகங்களெல்லாம் அரம் போட்ட மாதிரி தேய்ந்து அளவாக இருந்தன. முன்னங்காலின் உள்பக்கம் தரையில் படாமல் தொங்குமே கட்டைவிரல் நகம், அது மட்டும் வட்டமாக வளைந்து வளர்ந்து தன் சதைக்குள்ளேயே போய்க் குத்தியிருந்தது. மேலே முடி மூடியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. வெந்நீரில் நனைத்துத் துடைத்தேன், சீழ் வாடை. நுனியைப் பிடுங்கப் பார்த்திருந்தால் கடித்திருக்கும். வளையத்தை நடுவில் வெட்டி முதலில் அழுத்தத்தைத் தளர்த்தினேன். உள்ளே இருந்த துண்டு தானாகவே வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பயறு அளவுக்கு ஒரு குழி. அந்த நாய் நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு என் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டது. புண்ணுக்கு மருந்து என் வேலை இல்லை, கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள், வண்டி இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962இல் போன் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்த மலை நாயாக இருந்தாலும் அந்த ஒரு நகத்தைப் பாறை தொடாது. அதனால்தான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அதைத் தடவிப் பார்க்கிறேன்.

தாத்தா ஞாபகம் வந்தது. நீ அவரை அதிகம் பார்த்திருக்க மாட்டாய். வத்தலக்குண்டுச் சாலையோரம் மாட்டுக்கு லாடம் அடிப்பார். மாட்டுக்குக் குளம்பு பிளந்தது, அதனால் ஒரு காலுக்கு இரண்டு துண்டு, ஒரு மாட்டுக்கு எட்டு. குதிரைக்கு நாலே நாலு. மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து நாலு காலையும் சேர்த்துக் கட்டுவார்கள். தாத்தா உடனே சுத்தியலை எடுக்க மாட்டார். கழுத்தைச் சொறிந்துகொடுத்து, அது மூச்சு வாங்குவது நிதானப்படும் வரைக்கும் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வண்டிக்காரர் அவசரப்படுத்தினால், "அவசரம் உனக்கா, மாட்டுக்கா?" என்று கேட்பார். மாட்டு வண்டி போனதும் அந்தத் தொழிலும் போனது. அப்பா அதைத் தொடவே இல்லை. நாமிரண்டு பேரும் சுற்றிச் சுற்றி மறுபடியும் கால் பிடிக்கிற வேலைக்கே வந்து நிற்பதைப் பார்த்தால் அப்பாவுக்குச் சிரிப்பு வருமோ கோபம் வருமோ, தெரியவில்லை.

ஆனால் குதிரையை மட்டும் தொடாதே. ஏரிக்கரையில் சவாரிக்கு விடுகிறவர்கள் "அக்கா, நகம்தானே, இதையும் கொஞ்சம் சீவிவிடுங்களேன்" என்பார்கள். அந்தக் குளம்பைச் சீவுவது தனிக் கலை, தாத்தா பேத்திகள் என்பதால் நமக்கு வந்துவிடாது. கிளியைக் கொண்டுவந்தாலும் மறுத்துவிடு. 1972 வனவிலங்குச் சட்டப்படி பச்சைக்கிளி வளர்ப்பதே குற்றம். கடிக்கிற நாய்க்கு மயக்க ஊசி போட்டு வெட்டித் தரச் சொல்லிக் கூடுதல் பணம் நீட்டுகிறவர்களும் உண்டு. அது டாக்டர் மட்டுமே செய்யலாம். எவ்வளவு நீட்டினாலும் வேண்டாம்.

மன்னவனூர்ப் பக்கம் போனால் முயல் வேலை கிடைக்கும். அங்கே மத்திய ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை 1965லிருந்து இருக்கிறதே, அங்கே முயலும் வளர்க்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் சுற்றுவட்டாரத்திலும் சில வீடுகளில் முயல் உண்டு. கம்பித் தரைக் கூண்டில் இருப்பதால் நகம் தேயவே தேயாது. முன்காலுக்கு ஐந்து, பின்காலுக்கு நாலு, மொத்தம் 18. நாய்க்கும் பூனைக்கும் பெரும்பாலும் அதே கணக்குதான். முயலைத் துண்டில் இறுகச் சுற்றிப் பின்னங்காலைத் தாங்கிப் பிடி. பயத்தில் ஓங்கி உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும் பிராணி அது.

வருமானத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உங்கள் கடைக்காரர் வாங்குவதைவிட நாய்க்கு ஐம்பது ரூபாய் குறைத்துத்தான் வாங்குகிறேன். அதற்கு மேல் இங்கே கொடுக்க மாட்டார்கள். லாபம் வெட்டுவதில் இல்லை, வழியைக் கோப்பதில் இருக்கிறது. ஒரு நாள் பெருமாள்மலைப் பக்கம், ஒரு நாள் வில்பட்டி, பள்ளங்கி, மாதம் ஒரு முறை பூம்பாறை வழியாக மன்னவனூர். அந்தந்தப் பக்கத்துக்காரர்கள் அந்த நாளுக்குக் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். ஒரே ஒரு நாய்க்காக 30 கிலோமீட்டர் போகிறவள் பெட்ரோல் பங்குக்காரருக்குத்தான் உழைக்கிறாள். மாலை நாலு மணிக்கு மேல் தூரத்து வேலை ஒத்துக்கொள்வதில்லை. மூடுபனியில் வளைவுக்கு வளைவு காட்டு மாடு நிற்கும், ஹாரன் அடித்தாலும் நகராது. கடன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் முத்ரா கடன் திட்டத்தில் சிசு வகையில் 50,000 ரூபாய் வரை தருகிறார்கள். உன் பழைய ஸ்கூட்டருக்கு நல்ல டயர், நல்ல பிரேக், இரண்டு அளவில் கிளிப்பர், அரம், துணியில் தைத்த வாய்ப்பூட்டு, மழைக்கோட்டு எல்லாம் அதற்குள் முடியும், மிச்சமும் இருக்கும். வேனுக்கு லட்சக்கணக்கில் வாங்கி மாதாமாதம் தவணை கட்டினால், ஆவணியில் மழை பிடித்துக்கொண்டு வேலையே இல்லாத வாரத்தில் தூக்கம் வராது.

"கடிக்காதுங்க" என்று சொல்லும் வீட்டில்தான் கடிக்கும். போன வருஷம் ஒரு வீட்டில், நாய் முன்பே இரண்டு பேரைப் பதம் பார்த்த கதையை மறைத்துவிட்டார்கள். என் கையில் நீளமாக ஒரு கீறல் விழுந்த பிறகுதான் அந்த வீட்டுப் பாட்டி சொல்கிறார். தடுப்பூசிச் சீட்டைக் காட்டச் சொன்னால், "வீட்டு நாய்க்கு எதுக்கும்மா?" என்கிறார்கள். அன்றிலிருந்து சீட்டைப் பார்க்காமல் பாதத்தைத் தொடுவதில்லை.

ஆகவே, நீ வருவதில் எனக்குச் சம்மதம்தான். தனியாகச் சமாளிக்க முடியாத அளவுக்கு வேலை இருக்கிறது. ஒருத்தி பிடிக்க, ஒருத்தி வெட்ட என்று இருந்தால் பூனை வேலையும் துணிந்து எடுக்கலாம். ஆனால் வருவதற்கு முன்னால் மதுரை அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், நாய்களோடு வேலை செய்கிறேன் என்று சொல்லி, வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ள என்ன வழி என்று கேள். முதல் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று, பிறகு 21 அல்லது 28ஆம் நாள் ஒன்று, மொத்தம் மூன்று. அந்த நோய் வந்துவிட்டால் பிழைக்க வைக்கும் மருந்து இன்றைக்கும் இல்லை. முன்கூட்டியே போட்டிருந்தால், நாளைக்கு ஏதாவது கடித்தாலும் இரண்டு ஊசியோடு முடியும். அப்போதும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவத்தான் வேண்டும், கீறலானாலும் சரி. டிடானஸ் ஊசியையும் அதோடு முடித்துக்கொள்.

மூன்றாவது ஊசி போட்ட பிறகுதான் நீ மலையேற வேண்டும், ஒரு நாள் முன்னாலும் கூடாது. சீட்டைக் கையோடு எடுத்து வா. வேனுக்கு முன்பணம் எதுவும் கட்டிவிடாதே. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா