மீண்டும் வந்த இரைச்சல்

இரைச்சலை ஒழிக்க முயல்வோர் பலர். அதனை உண்டாக்க முயன்று நான் பெற்ற பாடமொன்றை இங்கு கூற விழைகின்றேன்.

பொறியியற் பீடத்தில் இறுதியாண்டு மாணவனாக இருந்தபோது, இருமச் சைகைகளைப் பெறும் வாங்கியொன்றைக் கணனியிற் போலச்செய்து சோதிப்பதே என் ஆய்வாக அமைந்தது. கடத்திகளில் இலத்திரன்கள் வெப்பத்தால் ஒழுங்கின்றி அசைவதால் எழும் இரைச்சலை ஜோன்சன் அளந்து 1928 இல் வெளியிட்டார். நைக்குவிஸ்ற் அதனை விளக்கினார். ஒழுங்கின் உருவான கணனியிடமிருந்து அவ்வொழுங்கின்மையை எவ்வாறு பெறுவது?

பதினாறு நிலைகள் கொண்ட பெயர்ச்சிப் பதிவேடொன்றை நிரலாக எழுதினேன். குறித்த சில நிலைகளிலுள்ள இருமங்களை மட்டு 2 இற் கூட்டி முதல் நிலைக்கு ஊட்டினால், எழுமாறு போலத் தோன்றும் தொடர் பிறக்கும். அதிலிருந்து பெற்ற, 0 இற்கும் 1 இற்கும் இடைப்பட்ட பன்னிரண்டு எண்களைக் கூட்டி 6 ஐக் கழித்தால், இடை 0 உம் மாறற்றிறன் 1 உம் உடைய, செவ்வன் பரம்பலை ஒத்த மாதிரியொன்று கிடைக்கும்.

பத்து இலட்சம் இருமங்களை அனுப்பினேன். கொள்கைப்படி ஏறத்தாழப் பத்து வழுக்கள் நேர்ந்திருக்க வேண்டும். ஒன்றேனும் நேரவில்லை! கொள்கையையே விஞ்சிவிட்டேன் என்ற இறுமாப்புடன் விரிவுரையாளரிடம் சென்றேன். வரைபை நோக்கிய அவர், "தம்பி, உம்முடைய இரைச்சல் எவ்வளவு நேரத்துக்குப் புதியது?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு கணக்கிட்டேன். பதினாறு நிலைகள் தரக்கூடிய மிக நீண்ட தொடர் 65,535 உறுப்புகளே. பன்னிரண்டு பன்னிரண்டாக எடுக்கையில், அது நான்கு முறை சுழன்றதும், அதாவது 21,845 மாதிரிகளின் பின், பழைய இரைச்சலே மீள்கின்றது. பத்து இலட்சம் என்று நான் மகிழ்ந்தது அச்சிறு தொகுதியை நாற்பத்தைந்து முறைக்கு மேல் மீட்டியதேயாகும். இலட்சத்தில் ஒன்றாக நேரும் வழு அதனுள் அகப்படாததில் வியப்பில்லை. பன்னிரண்டெண் முறையோ அரிதான பெரு வீச்சங்களை உள்ளதிலும் குறைத்தே தருவது.

முப்பத்தொரு நிலைகளுடன் பதிவேட்டை மீளமைத்து, 1958 இல் வெளிவந்த பொக்ஸ்–முல்லர் முறையைக் கையாண்டேன். வழுக்கள் தோன்றின, என் வாங்கி ஏனையவை போன்றதே என்பது புலனாயிற்று. முந்திய வரைபைக் கிழித்தெறிந்தபோது கை சற்று நடுங்கியது.

1998 இல் மற்சுமோற்றோவும் நிசிமுராவும் வெளியிட்ட முறையில், தொடர் மீளுமுன் 2 இன் 19,937 ஆம் அடுக்கிலும் ஒன்று குறைந்த எண்கள் கிடைக்கின்றன. ஆயினும், முடிவொன்று என் விருப்பத்துக்கு மிக இசைந்து வரும்போதெல்லாம் அந்த விரிவுரையாளரின் வினாவே என் செவியில் ஒலிக்கின்றது.