முனியப்பனா, புத்தரா? சேலத்துல ஒரு சரித்திர ஸ்பாட்!

சங்ககிரிக் கோட்டைக்கு ஏறின யாரைக் கேட்டாலும், 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்ட இடம்னு டக்குனு சொல்லிடுவாங்க. அங்கிருந்து சேலம் பஸ்ல ஏறினா ஒரு மணி நேரம்தான். சேலம் கோட்டை ரோடு, பெரியேரியில் இருக்கிற ஒரு சிலையோட கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் ஃப்ரெண்ட்ஸ்?

ஊர்க்காரங்க வச்ச பேரு தலைவெட்டி முனியப்பன். கும்பிட்டது முனியப்பனாக. 'இது புத்தர்'னு ஒரு அமைப்பு 2011-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. நீதிமன்றம் சொல்ல, தொல்லியல் துறை நேரில் வந்து சிலையை ஆராய்ந்தது. தாமரைப் பீடம், தியானத்தில் மடியில் வைத்த கைகள், சுருள் முடி, நீண்ட காது... எல்லாமே புத்தரோட அடையாளங்கள். துண்டான தலையை சிமென்ட், சுண்ணாம்பு வச்சு ஒட்டியிருந்தாங்க. 'தலைவெட்டி'ங்கிற பேருக்கு இதுதான் காரணமா இருக்கணும். சிலைக்கு நடந்ததை ஊர் தன் பாணியில் ஞாபகம் வச்சிருக்கு, பார்த்தீங்களா!

2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. சிலை புத்தருடையது; இடத்தைத் தொல்லியல் துறை தன் கட்டுப்பாட்டில் எடுத்து, 'இது புத்தர் சிலை' என்று பலகை வைக்க வேண்டும்; மக்கள் வந்து பார்க்கலாம், பூஜை கூடாது என்றது நீதிமன்றம்.

இங்கேதான் சிக்கல். தலைமுறை தலைமுறையா விளக்கேத்தின குடும்பங்களுக்கு இது சாதாரண விஷயமில்ல. தலை துண்டான சிலையைத் தூக்கிப் போடாம, ஒட்டி வச்சுக் கும்பிட்டவங்க அவங்கதானே? 'அறியாத ஜனம்'னு கிண்டல் பண்ணிட்டு டூரிஸ்ட் ஸ்பாட் ஆக்கினா, பாதி சரித்திரம் காணாமப் போயிடும். பலகையில் புத்தரும் இருக்கணும், முனியப்பன் கதையும் இருக்கணும்.

சண்டை இல்லாத உதாரணமும் இதே மாவட்டத்தில் இருக்கு. ஆத்தூரைத் தாண்டி, தலைவாசல் பக்கம் தியாகனூர். அங்கே பெரிய புத்தர் சிலைகள் ரெண்டு. ஊர் மக்கள் புத்தரைப் புத்தராகவே கும்பிடறாங்க. ஒருத்தருக்குத் தியான மண்டபமே இருக்கு.

புத்தரைத் தேடி புத்தகயாவுக்கு ஜப்பான், தாய்லாந்துல இருந்தெல்லாம் வர்றாங்க. நமக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும். ஏற்காடு ட்ரிப்புல அரை நாள் ஒதுக்குங்க. என்.எஸ்.எஸ். கேம்ப் போடறீங்களா? பெரியேரிப் பெரியவங்ககிட்ட உட்கார்ந்து பேசுங்க. அவங்க சொல்ற முனியப்பன் கதையை ரெக்கார்டு பண்ணுங்க. சிலையைப் பார்த்துக்கத் தொல்லியல் துறை இருக்கு; கதையைப் பார்த்துக்க நாமதான் இருக்கோம்.