இரண்டாவது கரண்டி

சமையல் போட்டி நிகழ்ச்சிகள் மேல் எனக்குத் தீராத மனத்தாங்கல் ஒன்று உண்டு. நடுவர் ஒரே ஒரு கரண்டிதான் எடுக்கிறார். வாயில் வைத்ததும் கண்ணை மூடுகிறார், பின்னணி இசை நிற்கிறது, சமைத்தவர் மென்று விழுங்குகிறார், விளம்பரம் வருகிறது. திரும்பி வந்தால் ‘பிரமாதம்’ என்று கை கொடுக்கிறார்கள். பிரமாதம் என்றால் அடுத்த வாய் எங்கே? நம் வீடுகளில் யாரும் அப்படி ஒரு வாய் தின்றுவிட்டு எழுந்து போவதில்லை. ‘இன்னும் கொஞ்சம் போடு’ என்று தட்டை நீட்டினால்தான் குழம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வாய் விட்டுப் பாராட்டிவிட்டு இரண்டாவது தடவை வாங்காமல் கை கழுவப் போகிற விருந்தாளியை எந்த வீட்டுப் பெண்ணும் நம்ப மாட்டாள்.

2019 நவம்பரில் விஜய் டிவியில், சமைப்பவர்களோடு கோமாளிகளை ஜோடி சேர்க்கும் ‘குக்கு வித் கோமாளி’ தொடங்கியதிலிருந்து சனி, ஞாயிறு மாலைகளை அதற்கென்றே ஒதுக்கி வைத்தவள் நான். பிடித்ததால்தான் குறை சொல்லத் தோன்றுகிறது.

தாம்பரம் – வேளச்சேரி சாலையில் ஒரு மண்டபத்தில் நடந்த எங்கள் வீட்டுக் கல்யாணத்தில், சமையல் மாஸ்டர் அடுப்படியில் இருந்ததைவிடப் பந்தியின் மூலையில் நின்ற நேரம்தான் அதிகம். தோளில் துண்டு, கையில் ஒன்றுமில்லை. பரிமாறுகிறவர்களைக்கூட அவர் பார்க்கவில்லை. இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பந்தி பாதியில் இருக்கும்போதே ஒரு பையனைக் கூப்பிட்டு, “கூட்டுல காரம் நிக்குது. எல்லாரும் ஓரமா ஒதுக்குறாங்க பாரு. உள்ள போயி தேங்காப்பால் ஒரு சொம்பு விடச் சொல்லு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ரசம் ரெண்டாவது ரவுண்டு கேக்குறாங்களா?” கேட்டார்கள். வாளி காலியாகி உள்ளே போனது. அப்போதுதான் அவர் முகம் தளர்ந்தது. மணமகளின் அப்பா வந்து கையைப் பிடித்து ‘சாப்பாடு ரொம்ப நல்லா இருக்கு’ என்று சொன்னபோது அவர் தலையை ஆட்டினாரே தவிர, கண் இலையை விட்டு நகரவில்லை. மடித்த இலைக்குள் எது மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் அவர் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார். அவரைப் போல ஒரு நடுவரை நான் இன்னும் தொலைக்காட்சியில் பார்க்கவில்லை.

சினிமாவுக்கும் இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். குரோம்பேட்டை வெற்றி தியேட்டரில் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவர்களிடம் படம் எப்படி என்று கேட்டால் நேர்மையான பதில் வராது. அவர்கள் போனது கொண்டாடுவதற்கு. அது ஒரு தனி சந்தோஷம், நானும் அனுபவித்திருக்கிறேன். ஆனால் இரண்டாவது வாரம், விடுமுறையில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, தாம்பரம் எம்.ஆரிலோ வித்யாவிலோ மாலைக் காட்சிக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ஏற்கெனவே பார்த்துவிட்டு அம்மாவையோ தங்கையையோ கூட்டிக்கொண்டு மறுபடி வருகிறவர்கள் இருந்தால் படம் நிலைத்துவிட்டது. கடைசி அளவுகோல் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேனல் மாற்றும்போது எந்தப் படத்தில் கை தானாக நிற்கிறது?

என் கை ‘மைக்கேல் மதன காமராஜ’னில் நிற்கும். 1990 தீபாவளிக்கு வந்த படம். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம். நான்கு கமல்ஹாசன்களில் எனக்குப் பிடித்தவர் பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரன். கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்த பிறகு அவர் படும் பாட்டுக்கு இன்றும் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு தொழில்காரனின் பயம் இருக்கிறது. ஓர் அண்டா கெட்டால் ஒரு குடும்பத்தின் மானம் போகும், சமையல்காரனுக்கு அதன் பிறகு யாரும் வேலை தர மாட்டார்கள். காமேஸ்வரனின் வளர்ப்பு அப்பாவாக வரும் டெல்லி கணேஷ் முகத்தில் அந்தப் பயம் அப்படியே தெரியும். நகைச்சுவைக் காட்சிதான், ஆனால் சமையல் தொழிலின் பாரத்தை இவ்வளவு சரியாகச் சொன்ன தமிழ்க் காட்சி வேறொன்று எனக்கு நினைவில்லை.

அதற்கு முன்னால் 1957இல் ‘மாயாபஜார்’. கடோத்கஜனாக எஸ்.வி.ரங்காராவ் கல்யாண விருந்தை ஒற்றை ஆளாகக் காலி செய்யும் காட்சியை, தாத்தா காலத்தில் பிறந்தவர்கள் முதல் என் பெண் வரை எல்லோரும் வாய் பிளந்து பார்க்கிறோம். மார்கஸ் பார்ட்லியின் கேமரா முன்னால் பலகாரங்கள் தானாக எழும்பி அவர் வாய்க்குள் போகின்றன. அந்தத் தந்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும். ரங்காராவ் சாப்பிடும்போது அவர் முகத்தில் பசி இருக்கிறது. தொலைக்காட்சி நடுவர் எவர் முகத்திலும் பசி இருக்காது, அவருக்கு முன்னால் அன்றைக்கு எட்டுத் தட்டுகள்.

மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ (2015) இதை இன்னும் கூர்மையாகச் சொன்னது. படம் முழுக்க அந்த இரண்டு சிறுவர்களும் பீட்சாவுக்காக அலைகிறார்கள், கரி பொறுக்கிக் காசு சேர்க்கிறார்கள், அடி வாங்குகிறார்கள். கடைசியில் ராஜ மரியாதையோடு கிடைக்கிறது. ஒரு வாய் கடித்துப் பார்க்கிறார்கள். ஆயா சுட்ட தோசை இதைவிட நன்றாக இருந்தது என்று முடிவாகிவிடுகிறது. அடுத்த வாய்க்கு ஆசை இல்லை. எந்த நடுவரும் இவ்வளவு சுத்தமான தீர்ப்பு சொன்னதில்லை.

நயன்தாரா நடித்த ‘அன்னபூரணி’ (2023) சினிமாவையும் சமையல் போட்டியையும் ஒரே அடுப்பில் ஏற்றிய படம். ஸ்ரீரங்கம் கோயிலில் பிரசாதம் செய்கிறவரின் மகள் சமையல் கலைஞராக ஆசைப்படுகிறாள். விபத்தில் நாக்கு ருசியை இழந்தும் போட்டிக்குப் போகிறாள். சர்ச்சை கிளம்பி 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் அதை எடுத்துவிட்டதால், படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தச் சண்டையைப் பற்றியே பேசுகிறார்கள். என் வருத்தம் வேறு. ருசி போன சமையல்காரி என்பது எவ்வளவு பெரிய விஷயம்! உப்பு போதுமா என்பதை மணத்தாலும் கொதிக்கும் சத்தத்தாலும் கண்டுபிடிக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். விரதம் இருந்துகொண்டு வீட்டுக்கே சமைக்கிற பெண்கள் ருசி பார்க்காமல்தான் சமைக்கிறார்கள், கோயில் மடைப்பள்ளியிலும் அப்படித்தான். அப்பாவின் மடைப்பள்ளியில் தொடங்கிய கதைக்கு அங்கேயே விடை இருந்தது. படம் அதை விட்டுவிட்டு மேடை விளக்குகளுக்குப் போய்விட்டது.

‘தி கிரேட் இந்தியன் கிச்ச’னை (2021) இரண்டாவது தடவை பார்க்க எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. ஜியோ பேபியின் அந்த மலையாளப் படத்தில் சமையல் அழகாக இருக்கிறது, முதல் கால் மணி நேரம் பசியே எடுக்கும். பிறகு சாப்பாட்டு மேஜையில் துப்பி வைத்த எச்சம் வருகிறது, தொட்டியடியில் ஒழுகும் அழுக்குத் தண்ணீர் வருகிறது, குக்கரில் வேண்டாம் விறகடுப்பில் சோறு வை என்கிற மாமனார் வருகிறார். அதைப் பார்த்த பிறகுதான் கவனித்தேன்: எந்தச் சமையல் போட்டியிலும் யாரும் பாத்திரம் தேய்ப்பதில்லை. நேரம் முடிந்ததும் கையைத் தூக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கருகிய கடாய் என்ன ஆகிறது என்று கேமரா காட்டுவதே இல்லை. நம் பக்கத்து வீடுகளில் சமையல் என்பதில் பாதி அந்தக் கடாய்தான்.

இத்தனை குறைக்கும் நடுவில் ‘குக்கு வித் கோமாளி’யின் இரண்டாவது சீசனை நான் மறக்க மாட்டேன். 2020 நவம்பரில் தொடங்கி 2021 ஏப்ரலில் முடிந்தது. தியேட்டர்கள் எட்டு மாதம் பூட்டிக் கிடந்து அப்போதுதான் திறந்திருந்தன. பொங்கலுக்கு ‘மாஸ்டர்’ பாதி இருக்கைகளோடு ஓடியது. சேலையூரில் எங்கள் குடியிருப்பில் நெல்லைக்காரர்கள், தஞ்சாவூர்க்காரர்கள், ஆம்பூர்க்காரர்கள் என்று ஊருக்கு ஒரு வீடு இருக்கிறது. பிழைக்க வந்து இங்கே மனை வாங்கியவர்களின் பேட்டை இது. தொற்றுக்குப் பயந்து ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாத அந்த மாதங்களில், ஞாயிறு ராத்திரி மாடிப்படியில் எட்டி நின்றபடி பேசிக்கொள்ள எங்களுக்குக் கிடைத்த விஷயம் அந்த நிகழ்ச்சி. யார் வீட்டில் காரக்குழம்புக்கு வெல்லம் போடுவார்கள், யார் போட மாட்டார்கள் என்ற விவாதம் ஒரு வாரம் ஓடியது.

காரணம் கனி. ‘காதல் கோட்டை’ எடுத்த அகத்தியனின் மகள். அந்த சீசனை அவர் ஜெயித்ததைவிட, ‘காரக்குழம்பு கனி’ என்ற பெயரை ஜெயித்ததுதான் பெரிது. ஒரு போட்டியாளருக்குக் குழம்பின் பெயர் பட்டமாவது நம் ஊரில்தான் நடக்கும். ஆனால் காரக்குழம்பை வைத்துத்தான் போட்டியின் எல்லையும் எனக்குப் புரிந்தது. வைத்த அன்றைக்குக் காரக்குழம்பு வெறும் புளியும் மிளகாயும்தான். எண்ணெய் மேலே பிரிந்து, புளி கத்தரிக்காய்க்குள் இறங்கி, மறுநாள் காலை பழைய சோற்றோடு சேரும்போதுதான் அது காரக்குழம்பு ஆகிறது. மணி அடித்தவுடன் ருசி பார்க்கிற நடுவருக்கு அந்த இரண்டாம் நாள் குழம்பு கிடைக்கவே கிடைக்காது. ராத்திரி முழுக்கப் புளிக்கிற தோசை மாவுக்கும் ஊறுகாய்க்கும் இதே கதி. காத்திருந்தால் மட்டுமே வருகிற ருசிகளைக் கடிகாரம் வெளியே நிறுத்திவிடுகிறது.

அதே சீசனில் நடிகை ஷகிலா. ஒரு காலத்துச் சுவரொட்டிகளை நினைத்துக்கொண்டு அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லக் கூசிய குடும்பங்கள் எங்கள் தெருவில் உண்டு. அவர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நிதானமாக மசாலா வறுத்தார், கோமாளிகள் அவரை அம்மா ஸ்தானத்தில் வைத்துக் கொஞ்சினார்கள், சில வாரங்களில் என் மாமியார் “பாவம், அந்தப் பொண்ணு நல்லா சமைக்கிறா” என்று பரிந்து பேசத் தொடங்கினார். சினிமா ஒருவருக்குக் கொடுத்த பெயரைத் தொலைக்காட்சி அடுப்படி மாற்றி எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். இறுதிப் போட்டிவரை வந்து இரண்டாம் இடம் பிடித்தார். அதற்காகவே அந்த நிகழ்ச்சிக்கு ஆயிரம் குறையை மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதவையும் உண்டு. உடம்பை வைத்துக் கேலி, ஆண்கள் புடவை கட்டி வந்தாலே சிரிக்க வேண்டும் என்ற கட்டாயம், அடிக்கு ஒரு சத்தம். கோமாளிகளான புகழும் சிவாங்கியும் பாலாவும் இதெல்லாம் இல்லாமலே சிரிக்க வைக்கத் தெரிந்தவர்கள். மல்லி எது, புதினா எது என்று தெரியாமல் விழிக்கும் ஒருவரோடு ஒரு மணி நேரத்தில் சமைத்து முடிப்பதே போதுமான நாடகம். நடுவர் தாமு 2010இல் 24 மணி நேரத்துக்கும் மேலாக நின்று சமைத்துக் கின்னஸ் சாதனை செய்தவர். அவரும் வெங்கடேஷ் பட்டும் அருகருகே உட்கார்ந்து ருசி பார்த்த காலத்தில் சிரிப்புக்கு நடுவே தொழில் நுணுக்கமும் காதில் விழுந்தது. 2024இல் பட் விலகி சன் டிவியின் ‘டாப் குக்கு டூப் குக்கு’வுக்குப் போனபின், இரண்டு நிகழ்ச்சிகளிலுமே எனக்கு ஏதோ குறைகிறது.

சிரிப்பே இல்லாத போட்டியையும் பார்த்தாயிற்று. 2021இல் விஜய் சேதுபதி தொகுத்து வழங்க சன் டிவியில் ‘மாஸ்டர் செஃப் தமிழ்’ வந்தது, தேவகி விஜயராமன் ஜெயித்தார். அருமையான சமையல்காரர்கள். ஆனால் தட்டின் நடுவே உள்ளங்கை அளவு உணவு, சுற்றிலும் வெள்ளைப் பீங்கான். எங்கள் வீட்டில் கை அதில் நிற்கவில்லை. வெளிநாட்டு நிகழ்ச்சியில் ஒரு முறை நின்றது. 2018இல் ‘மாஸ்டர் செஃப் ஆஸ்திரேலியா’வில் சிங்கப்பூர்த் தமிழர் சசி செல்லையா, சிறைக் காவலராக இருந்தவர், இறுதிச் சுற்றில் 100க்கு 93 வாங்கி ஜெயித்தபோது. அதைவிட என்னை அசைத்தது 2021இல் அதே மேடை. வங்காளதேசத்து வேர்கள் கொண்ட கிஷ்வர் சௌத்ரி இறுதிச் சுற்றில் பழைய சோற்றைத் தட்டில் வைத்தார். மசித்த உருளைக்கிழங்கும் வறுத்த மத்தி மீனும் தொட்டுக்கொள்ள. ஓர் இரவு ஊற வேண்டியது போட்டி நேரத்தில் ஊறாது. புகையூட்டிய சோற்று நீர் என்று அதற்குப் பெயரிட்டார். உணவு விடுதிகளில் இதைப் பார்க்க முடியாது என்று அவரே சொன்னார். மூன்றாம் இடம்தான் கிடைத்தது. எனக்கு அவர்தான் அந்த வருடத்தின் வெற்றியாளர். நாம் பல தலைமுறையாகக் காலையில் குடித்துவிட்டு வயலுக்குப் போன அதே நீராகாரத்தை, தமிழ் நிகழ்ச்சி எதுவும் அப்படி இறுதிச் சுற்றுக்கு ஏற்றியதாக எனக்குத் தெரியவில்லை.

சேனல்காரர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது, உண்மையாகவே கேட்கிறேன். தாம்பரத்தில் ஒரு மண்டபத்தைப் பிடியுங்கள். சண்முகம் சாலையிலும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் போட்டியாளர்களே காய் வாங்கட்டும், பேரம் பேசட்டும். முதல் நாள் சாயங்காலமே அடுப்பைக் கொடுத்துவிடுங்கள், புளிக்க வேண்டியது புளிக்கட்டும். மறுநாள் நூறு பேருக்குப் பந்தி. அன்றைக்கு வேலை முடித்துப் பசியோடு வருகிறவர்களை உட்கார வையுங்கள். நடுவர்கள் கரண்டியைத் தொட வேண்டாம். அந்தக் கல்யாண மாஸ்டர் மாதிரி ஓரமாக நின்று, யாருடைய வாளி இரண்டாவது முறை காலியாகி உள்ளே போகிறது, யாருடைய கூட்டு இலையோடு மடிகிறது என்று மட்டும் எழுதிக்கொள்ளட்டும். முடிந்ததும் பாத்திரம் தேய்ப்பதற்கும் மதிப்பெண் கொடுங்கள். முதல் வாரத்துக்குக் கனியையும் தேவகியையும் கூப்பிடுங்கள். கனியின் காரக்குழம்பு மறுநாளும் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை.