முதல்ல பார், பொறகு கழற்று

பெட்போர்ட் லொறிகள் ஓடிய காலத்தில் எங்கள் அம்பாறைக் கரையோர ஊர்களில் விடிவது எஞ்சின் சத்தத்தோடுதான். சுபஹ் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியால் வெளியே வர, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் வளவுகளில் லொறிகள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பிக்கும். பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்தச் சத்தம் இன்னும் கூடும். சம்மாந்துறை வயல்களில் இருந்து நெல் ஆலைக்கு வரவேண்டும். ஆலையில் இருந்து அரிசி கொழும்புக்குப் போகவேண்டும். கல்லோயாத் திட்டத்தில் சேனநாயக்க சமுத்திரத்தைக் கட்டி வயல் பெருகிய பிறகு, நெல்லை ஏற்ற லொறியும் பெருகியது. வாப்பாவிடமும் ஒன்று இருந்தது. மூக்கு நீண்ட பெட்போர்ட். 300 கன அங்குலம், ஆறு சிலிண்டர், டீசல்.

அது ஸ்டாட் எடுக்காத காலைகளில் வாப்பா என்னை அனுப்பிக் கராஜ் காக்காவைக் கூட்டிவரச் சொல்வார். வாப்பாவை விட மூத்தவர். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் காக்காதான். வந்ததும் ஸ்பேனரில் கை வைக்கமாட்டார். "செல்ப அடி மனே" என்பார். நான் ஏறி அடிப்பேன். அவர் ஒரு தரம் எஞ்சின் பக்கம் நின்று காதைக் கொடுப்பார், அடுத்த தரம் சைலன்சர் பக்கம் போய்ப் புகையைப் பார்ப்பார். பக்கத்தில் நிற்பவர்கள் பம்ப் என்பார்கள், இன்ஜெக்டர் என்பார்கள். "முதல்ல பார், பொறகு கழற்று. கழத்திப் போட்டா எது பழுது, எது நாம பழுதாக்கினது எண்டு தெரியாமப் போயிரும்" என்பார் காக்கா.

அவர் பார்க்கும் ஒழுங்கு இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். செல்ப் அடிக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்து, ஹெட்லைட்டும் மங்கினால் பற்றரி, அல்லது பற்றரி முனை. லைட் மங்காமல் 'டிக்' மட்டும் வந்தால் ஸ்டாட்டர் மோட்டரையும் அதன் சுவிட்சையும் பார்க்கவேண்டும். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் கரண்ட் பக்கத்தை விட்டுவிட்டு டீசல் பக்கம் போகவேண்டும். அப்போது புகைதான் சாட்சி. சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியவில்லை. புகையே இல்லை என்றால் டீசல் போகவே இல்லை.

பெற்றோல் எஞ்சின்போலப் பொறி பாய்ச்சும் பிளக் டீசலுக்குக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று அமுங்கி 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் தானாகப் பற்றும். தூவுவதற்கு இன்ஜெக்டரில் பெரிய அழுத்தம் வேண்டும். குழாயில் காற்று புகுந்துவிட்டால் பம்ப் தள்ளுகிற அழுத்தமெல்லாம் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும், இன்ஜெக்டர் திறக்காது. எயார் பிடித்துவிட்டது என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

காக்கா எயார் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பில்டரின் மேல் உள்ள சின்ன ஸ்குரூவை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, எஞ்சின் பக்கத்தில் இருக்கும் கை பம்பின் நாக்கை நிதானமாக அடிப்பார். முதலில் ஒன்றும் வராது. பிறகு சவர்க்கார நுரைபோலப் பொங்கிக்கொண்டு டீசல் வரும். நுரை குறையும், பெரிய குமிழ் ஒன்றிரண்டு வரும், கடைசியில் குமிழே இல்லாத தெளிந்த டீசல் வழியும். வழியும்போதே ஸ்குரூவை இறுக்குவார். அடுத்தது டீசல் பம்பின் ஸ்குரூ. அதற்கும் அடுத்தது இன்ஜெக்டர் குழாய்களின் நட். இந்த ஒழுங்கு மாறாது. கடைசி நட்டை இறுக்கியதும் பிஸ்மி சொல்லச் சொல்வார்.

எங்கள் ஊரில் இன்னொரு எதிரியும் உண்டு: கடற்காற்று. கடலுக்குத் தள்ளி நிற்கும் வாகனத்துக்கு வராத வருத்தம் கல்முனை வாகனத்துக்கு வரும். எஞ்சினை நிறுத்த இழுக்கும் கம்பி துருப்பிடித்துத் திரும்பிப் போகாமல் நின்றால், பம்ப் டீசலை அடைத்தே வைத்திருக்கும். செல்ப் எவ்வளவு அடித்தும் பலனில்லை. அண்மையில் ராத்தாவின் மகன் தன் பழைய லொறிக்குப் புதுப் பற்றரி வாங்கிப் போட்டும் 'டிக்' சத்தம்தான் என்று போன் பண்ணினான். "ஏர்த் வயரப் பார்த்தியா மனே?" என்று கேட்டேன். போய்ப் பார்த்தால், செசியில் அது பூட்டியிருந்த போல்ட்டைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. கழற்றி, இரும்பு மினுங்கும்வரை எமரித் தாளால் தேய்த்துப் பூட்டி, மேலே கிறீஸ் பூசினான். லொறி எடுத்தது.

உப்பு என்றதும் 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வராமல் போகாது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேற்பட்டோரைச் சுனாமி எடுத்துக்கொண்ட நாள் அது. ஜனாஸாக்களை அடக்கி, உயிரோடு இருப்பவர்களைத் தேடி முடிந்து பல நாள் கழித்துத்தான் வாகனங்களின் பக்கம் யாரும் திரும்பினார்கள். கடல்நீரில் கிடந்த எஞ்சினைச் செல்ப் அடித்துப் பார்க்க ஆசைப்பட்டவர்களைக் காக்கா தடுத்தார். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது செல்ப் அடித்தால் கனெக்டிங் றொட் வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, பழைய ஒயிலை வடித்துவிட்டுப் புது ஒயில் போட்ட பிறகுதான் கையாலே மெல்லச் சுற்றிப் பார்ப்பார். கடல் கொண்டுபோன வீட்டுக்காரனுக்கு மிஞ்சிய ஒரே உழைப்புச் சாமான் அந்த லொறியாக இருக்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றபோதும் அவருடைய பாடம்தான் கைகொடுத்தது. கியூஆர் கோட்டாவில் கிடைத்ததை வைத்து ஓட்டியதில் தாங்கி அடிவரை வற்றும். அடியில் கிடக்கும் மண்டியும் காற்றும் குழாய்க்குள் ஏறும். அந்த மாதங்களில் நின்ற பல லொறிகளுக்கு வேண்டியிருந்தது பில்டரைத் துப்புரவாக்கி எயார் எடுப்பது மட்டுமே. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி முழுமையாகத் திறக்கப் பல ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலமெல்லாம் நெல்லும் மீனும் செங்கல்லும் ஏற்றிய பழைய லொறிகளை ஓட வைத்தவர்கள் இப்படிப்பட்ட கராஜ் பாஸ்மார்கள்தான். நாடு அவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும்.

இப்போது ஸ்டாட் எடுக்கவில்லை என்றால் சாமான் மாற்றுவதில்தான் தொடங்குகிறார்கள். பற்றரி, பிறகு ஸ்டாட்டர், பிறகு பம்ப். காசு போகிறது, பழுது அப்படியே இருக்கிறது. காசு செலவில்லாததை முதலில் பார்ப்பதே சரியான முறை: பற்றரி முனை, ஏர்த் வயர், நிறுத்தும் கம்பி, டீசல் மட்டம், பில்டர், காற்று. ஸ்பேனருக்கு வேலை அதற்குப் பிறகுதான்.

காக்கா மௌத்தாகிவிட்டார். அவரைப் போன்றவர்கள் மருதமுனையிலும் அக்கரைப்பற்றிலும் பொத்துவிலிலும் இன்னும் இருக்கிறார்கள். தொழில் பழகும் பிள்ளைகளே, அவர்களிடம் போய் நில்லுங்கள். அவர்கள் எதை முதலில் பார்க்கிறார்கள், எதை இரண்டாவதாகப் பார்க்கிறார்கள் என்பதை ஒரு கொப்பியில் ஒழுங்காக எழுதி வையுங்கள்.