சித்தப்பாவின் பென்ஷன்

எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, 1993-ஆம் ஆண்டில் பட்டணத்து நகராண்மைக் கழகத்தில் துப்புரவு வேலைக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 35. "வாளி தூக்கின கை சாக்கடை அள்ளப் போகுதா?" என்று அப்பா மூன்று மாதம் தம்பியோடு பேசவில்லை.

வேலை நிரந்தரமானதும் ஒரு பாரம் வந்தது. சேம நிதியிலேயே இருக்கிறாயா, பென்ஷனுக்கு மாறுகிறாயா என்று கேட்கிற பாரம். சித்தப்பா தடுமாறினார். அப்பாவோ, "மொத்தமா வர்றதுதான்டா காசு. பென்ஷன்னு சொல்லி உன் சம்பளத்துலதான் பிடிப்பாங்க" என்றார். சித்திதான் மறித்தார். "மொத்தப் பணம் உங்க கையில ஒரு வருஷம் நிக்குமா?" என்று கேட்டு, பாரத்தில் பென்ஷன் என்று எழுத வைத்தார். இரண்டு நாள் வீட்டில் உலை கொதித்ததோ இல்லையோ, சண்டை கொதித்தது!

அப்பா சொன்னது எவ்வளவு தவறு என்பது, பின்னாளில் நானே வேறோர் ஊர் மன்றத்தில் கணக்குக் கிராணியாகச் சேர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பென்ஷனுக்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு காசும் பிடிப்பதில்லை. அவர் அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 17.5 என்று கணக்குப் போட்டு, மன்றமே மாதந்தோறும் ஓய்வூதிய நிதிக்குக் கட்டுகிறது. 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு இது. 2007 முதல் அந்த நிதியை நிர்வகிப்பது ‘குவாப்’ என்னும் அமைப்பு. பணத்தைப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போட்டுப் பெருக்குவது அதன் வேலை. மன்றத்துக்கு ஏது பணம்? நாம் கட்டுகிற வீட்டு வரி, கடை லைசென்ஸ், இவைதாம் பெரும்பகுதி. பென்ஷனுக்கு மாறியவரின் சேம நிதியில் முதலாளி போட்ட பங்குதான் திரும்பிப் போகும். அவர் சொந்தமாகப் போட்டது அவருக்கே.

அப்பா 2000-ஆம் ஆண்டில் 55 வயதில் சேம நிதியை எடுத்தார். தங்கையின் கல்யாணம், தம்பிக்கு மோட்டார் சைக்கிள், தெரிந்தவருக்குக் கைமாற்று. மூன்றாம் வருடம் புத்தகத்தில் ஒன்றுமில்லை. கைமாற்று இன்றுவரை வரவில்லை, அது வேறு கதை.

சித்தப்பா 2018-இல் 60 வயதில் ஓய்வு பெற்றார். 300 மாதச் சேவை; அதை 600-ஆல் வகுத்தால் பாதி. கடைசிச் சம்பளம் 2,400 வெள்ளி, ஆக மாதம் 1,200 வெள்ளி. அதோடு பணிக்கொடையாக 54,000 வெள்ளி ஒரே தடவையில் வந்தது. மொத்தப் பணமும் வந்துவிட்டதே என்று அப்பா வாயடைத்துப் போனார்.

2021-இல் சித்தப்பா கண்ணை மூடினார். பென்ஷன் சித்தியின் பெயருக்கு மாறியது. (கூட்டரசு அரசாங்க வேலைக்கு 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சேம நிதிதான். பிள்ளைகளுக்கு வேலை தேடுவோர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.)

மாதக் கடைசியில் பணம் எடுத்ததும் சித்தி தோட்டத்துக்கு வருவார். அப்பாவுக்கு வெற்றிலை, புகையிலை, ஒரு டின் மைலோ. அப்பா எதுவும் பேசாமல் வாங்கி வைத்துக்கொள்வார். போன மாதம் மட்டும், "அந்தப் பதினேழரைக் கணக்கை எனக்கு இன்னொரு தரம் சொல்லு" என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.