கம்பம்மெட்டு ஏலமும் இமயத்து ஆப்பிளும்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேற்கு மலைமீது ஏறும் பாதைகள் சில உண்டு. பாதை மலைமுகட்டைத் தொடும் இடத்தை அப்பகுதி மக்கள் 'மெட்டு' என்று வழங்குவர். போடியிலிருந்து ஏறினால் போடிமெட்டு. கம்பத்திலிருந்து ஏறினால் கம்பம்மெட்டு. பெயர் தமிழ்நாட்டு ஊரின் பெயர். ஊர் இருப்பதோ கேரளத்து இடுக்கி மாவட்டம், உடும்பன்சோலை வட்டத்தில். கடல் மட்டத்திற்கு மேல் 3,000 அடிக்கும் அதிக உயரம். கீழே நெல்லும் திராட்சையும் தென்னையும். மேலே ஏலமும் மிளகும். நடுவே ஒரு காட்டுப் பாதை, ஒரு சோதனைச் சாவடி.

சென்ற ஐப்பசியில் தீபாவளி விடுமுறையை ஒட்டி அங்குச் சென்று வந்தேன். தில்லியில் வாழும் நம் சங்கத்து அன்பர்களுக்கு அந்த மலையைப் பற்றிச் சொல்வதோடு, அங்கே நாங்கள் சுட்ட ஆப்பிள் ரொட்டி ஒன்றின் பக்குவத்தையும் சொல்ல விரும்புகிறேன். இரண்டுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். படித்து வருகையில் அது தானே விளங்கும்.

என் அத்தை கம்பத்தில் வசிக்கிறார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குச் சென்று, பொழுது சாயத் திரும்புகிறவர். வடக்கே வந்து பத்தாண்டு ஆகியும், அத்தைக்கு என்று நான் ஒன்றும் கொண்டு போனதில்லை. இம்முறை ஆசாத்பூர் மண்டியில் நல்ல இமாசலப் பிரதேச ஆப்பிளாகப் பார்த்து நான்கு கிலோ வாங்கி, வைக்கோல் பரப்பிய அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டேன். பார்சல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவனுக்குப் பெட்டி கட்டச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா!

நிஜாமுத்தீனில் திருக்குறள் விரைவு வண்டி ஏறி, இரண்டு இரவுகள் கழித்து மதுரையில் இறங்கினோம். மதுரையிலிருந்து போடிக்குச் செல்லும் இருப்புப் பாதை 1928-இல் அமைந்தது. நான் சிறுவனாக இருந்தபோது அதில் மீட்டர் பாதை வண்டி ஓடியது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் அது நிறுத்தப்பட்டது. 2022-இல் தேனி வரையிலும், 2023-இல் போடி வரையிலும் வண்டி மீண்டும் வந்தது. கம்பத்துக்கு இன்றும் ரயில் இல்லை. ஆகவே தேனியில் இறங்கி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகப் பேருந்தில் 40 கிலோமீட்டர் சென்றோம். வழியெங்கும் முல்லைப் பெரியாற்றின் நீர் பாய்ந்த வயல்கள். 1895-இல் அணை கட்டி மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பியதால் வந்த பசுமை இது. சாலையோரக் கடைகளில் கம்பத்துப் பன்னீர் திராட்சை குலை குலையாய்த் தொங்கிற்று. அதற்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

பெட்டியைப் பிரித்ததும் அத்தை, "இம்புட்டுப் பழத்தையும் யார் திங்கிறது, மருமகனே?" என்றார். தில்லிப் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவரிடம் ஆப்பிள் ரொட்டி சுடக் கற்றிருந்த என் மனைவி, "ரெண்டு பழத்தில் ஒரு ரொட்டி சுடுவோம், சித்தி. ஏலக்காய் மட்டும் பதினைந்து வேண்டும்" என்றாள்.

அத்தை சற்று நேரம் பேசவில்லை. "பதினஞ்சா? பொங்கலுக்கே நாங்க ரெண்டுதானம்மா தட்டிப் போடுவோம்" என்றார். பிறகு உள்ளே சென்று, கடையில் வாங்கி வைத்திருந்த சிறு காகிதப் பொட்டலத்தைக் கொணர்ந்து, ஒவ்வொன்றாக எண்ணிப் பதினைந்து காயை முறத்தில் வைத்தார். நாளெல்லாம் ஏலக்காய் பறிக்கும் கை அது. அந்தக் கையே அதனைத் தங்கத்தைப் போல எண்ணுவதைக் கண்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

இனி ரொட்டியைச் சொல்கிறேன். கடையில் விற்கும் ரொட்டி ஈஸ்ட் இட்டுப் பல மணி நேரம் புளிக்கவைத்துச் சுடப்படுவது. இது அவ்வாறன்று. சோடாவின் துணையால் உடனே பொங்கச் செய்து சுடுவது. ஆதலால் ஆங்கிலேயர் இதனைக் 'குவிக் பிரெட்' என்பர். சோடா உப்பு தயிர் போன்ற புளிப்புப் பொருளோடு சேரும்போது கரியமில வாயு எழுகிறது. அவ்வாயு மாவில் குமிழி குமிழியாய் நிற்க, அடுப்பின் வெப்பம் மாவை அப்படியே இறுகச் செய்கிறது. ஆப்ப சோடாவைப் பழகிய நம் வீடுகளுக்கு இது புதுமையன்று. சோடாவையும் புளிப்புப் பொருளையும் ஒரே பொடியாகச் சேர்த்த பேக்கிங் பவுடரை 1843-இல் இங்கிலாந்தில் ஆல்பிரெட் பேர்ட் என்பவர், ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவிக்காகச் செய்தார் என்பர்.

மேலைநாட்டார் ஆப்பிள் ரொட்டியில் பெரும்பாலும் பட்டையும் ஜாதிக்காயும் சேர்ப்பார்கள். ஸ்வீடன், பின்லாந்து முதலிய குளிர்நாடுகளிலோ இனிப்பு ரொட்டி என்றால் ஏலக்காய்தான். நாங்கள் ஏலத்தை முதலில் வைத்து, மற்றவற்றைக் குறைத்துக்கொண்டோம்.

தேவையானவை: மைதா 250 கிராம் (பாதி கோதுமை மாவாகவும் இருக்கலாம்), பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, ஆப்ப சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, ஏலக்காய் 15, பட்டைப் பொடி அரைத் தேக்கரண்டி, கிராம்பு 2, சுக்குப் பொடி ஒரு சிட்டிகை, நாட்டுச் சர்க்கரை 150 கிராம், கடலை எண்ணெய் 100 மில்லி, தயிர் 100 மில்லி, முட்டை 2, நடுத்தர ஆப்பிள் 2.

ஏலத்தின் தோலை நீக்கி, விதையைக் கிராம்போடு சேர்த்துப் பொடிக்க வேண்டும். மாவையும் பொடிகளையும் இருமுறை சலித்துக்கொள்க. வேறொரு பாத்திரத்தில் முட்டை, சர்க்கரை, எண்ணெய், தயிர் ஆகியவற்றை நன்கு அடித்துக் கலக்க வேண்டும். ஓர் ஆப்பிளைத் துருவியும் மற்றொன்றைச் சிறு துண்டுகளாக நறுக்கியும் அதில் உடனே சேர்த்துவிட்டால் காற்றுப்பட்டுக் கறுக்காது. அதன்பின் மாவைக் கொட்டி, உலர்ந்த மாவு கண்ணுக்கு மறையும் அளவே கிளற வேண்டும். தோசை மாவைப் போல அடித்துக் கலக்கினால் ரொட்டி ரப்பராகிவிடும். முட்டை கொள்ளாத வீடுகளில் அதற்கு ஈடாகத் தயிரை இன்னும் 100 மில்லி கூட்டிக்கொள்ளலாம்.

மின்அடுப்பு உள்ளோர் 180 பாகை வெப்பத்தில் சுமார் 55 நிமிடம் சுடலாம். அத்தை வீட்டில் அது ஏது? கனத்த அடிப்பாகமுள்ள அலுமினியக் குண்டானில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, மூடிக் கால்மணி நேரம் காய வைத்தோம். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் முக்கால் அளவு மாவை ஊற்றி, மணல்மேல் இறக்கி, மூடிமீது தணலைப் பரப்பினோம். சிறு தீயில் ஒரு மணி நேரம் ஆயிற்று. ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வரவேண்டும்; அதுவே பதம். வெந்த உடனே வெட்டினால் உதிரும். இரவெல்லாம் துணி சுற்றி வைத்தால் ஆப்பிளின் ஈரம் உள்ளே பரவி, ஏலத்தின் மணம் மறுநாள் இன்னும் தூக்கலாக இருக்கும்.

மறுநாள் விடியற்காலை நான்கரைக்கு அத்தை தூக்குச் சட்டியில் சோற்றைக் கட்டிக்கொண்டார். ரொட்டி என் கையில். தோட்டத்து உரிமையாளரிடம் முன்னரே சொல்லி அனுமதி பெற்றிருந்தார். ஜீப்பில் பெண்கள் நெருக்கியடித்து அமர்ந்திருந்தனர். வண்டி காட்டுக்குள் நுழைந்து வளைந்து வளைந்து ஏற, கீழே கம்பத்தின் விளக்குகள் சிறுத்துக்கொண்டே வந்தன. மெட்டை அடைந்தபோது பொழுது புலர்ந்தது. மலையாள எழுத்துப் பலகைகளும் தேநீர்க் கடைகளும் பனிக்குள் தெரிந்தன. தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஒலித்தன. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபின் வணிக வரிச் சாவடிகள் எடுபட்டாலும், காவலர் சோதனை இருக்கவே செய்கிறது.

தோட்டம் அடர்ந்த மரநிழலில் இருந்தது. ஏலம் இஞ்சியின் இனம். ஆளுயரத்திற்கு மேல் வளர்கிறது. ஆனால் காய்க்கும் கொத்துகளோ தூரின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படர்ந்து கிடக்கின்றன. ஆகவே காயெடுப்பவர் நாள் முழுதும் குந்தியோ குனிந்தோ இருக்க வேண்டும். ஒரு கொத்தில் எல்லாக் காயும் ஒருசேர முற்றுவதில்லை. முற்றியதை மட்டும் விரலால் தேடி எடுத்துவிட்டு, பிஞ்சை விட வேண்டும். ஆடி, ஆவணியில் தொடங்கும் இவ்வேலை ஐப்பசி, கார்த்திகையில் உச்சம் பெறுகிறது. நம் முன்னோர் கூதிர் என்று பெயரிட்ட அதே பருவம். மழை, ஈரம், அட்டைக்கடி எல்லாம் அதனோடு சேர்ந்தவை. பறித்த காய் உலர்கூடத்தில் மிதமான சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் காய்கிறது. ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ தேறலாம். பிறகு அது புற்றடியிலோ போடிநாயக்கனூரிலோ ஏலம் போகிறது. 2019-இல் ஒரு கிலோவின் உச்ச விலை 7,000 ரூபாயைத் தொட்டது. மூன்று ஆண்டுக்குள் ஆயிரத்துக்கும் கீழே சரிந்தது.

ஆப்பிளும் இம்மாவட்டத்துக்கு அந்நியமன்று. இடுக்கியின் வடகோடியில், மறையூருக்கு அப்பால் காந்தலூரில் ஆப்பிள் விளைகிறது. எனினும் அதன் காலம் ஆடி, ஆவணியோடு ஏறக்குறைய முடிந்துவிடும். ஐப்பசியில் கிடைப்பது இமயத்துப் பழமே. இமாசலத்தில் இன்று தழைத்திருக்கும் அமெரிக்க ஆப்பிள் வகைகளை 1916-இல் சிம்லாவை அடுத்த கோட்கட்டில் நட்டவர், அமெரிக்காவிலிருந்து வந்து அங்கேயே குடியமர்ந்த ஸ்டோக்ஸ் என்பவர். பழமும் குடிபெயர்ந்ததுதான்.

பத்து மணிக்கு வேலை நிறுத்திச் சாப்பிட அமர்ந்தனர். அத்தை ரொட்டியைப் பதினான்கு துண்டாக்கி எல்லோருக்கும் கொடுத்தார். மேற்பார்வை செய்த மலையாளி ஒருவர் தின்று பார்த்து, "கொள்ளாம்" என்று தலையாட்டினார். நரைத்த மூதாட்டி ஒருவர் மெல்ல மென்றுகொண்டே, "ஏலக்கா வாசம் நம்ம கையில எப்பவும் இருக்கு. வாய்க்கு இன்னைக்குத்தான் வந்திருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அவர்கள் பேச்சு பிறகு பழைய நாட்களுக்குச் சென்றது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை பற்றிய பூசல் முற்றியபோது எல்லைச் சாலைகள் அடைபட்டன. தோட்டங்களில் தங்கியிருந்த தமிழர் பலர் குழந்தை குட்டிகளோடு மலையிறங்கினர். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது மீண்டும் வழி அடைபட்டது. பறிக்க ஆளின்றி மேலே காய் வெடித்து உதிர, வேலையின்றிக் கீழே குடும்பங்கள் கடன்பட்டன. இருபுறத்தார்க்கும் நட்டமே. "கேட்டை அடைச்சா எங்க அடுப்பையும் அடைச்ச மாதிரிதான், மருமகனே" என்றார் அத்தை.

நாம் ஆயிரம் மைலுக்கும் மேல் கடந்து வந்து, ஆண்டுக்கொருமுறை ஊர் போகிறோம். நம்மையே புலம்பெயர்ந்தோர் என்று சொல்லிக்கொள்கிறோம். தினமும் காலையில் மாநிலம் கடந்து, மாலையில் வீடு திரும்பும் இப்பெண்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். சங்கத்து மேடைகளில் ஊரைப் பற்றிப் பேசும்போது இவர்களையும் நினைப்போமாக. எல்லையில் பூசல் என்று செய்தி வரும் நாளில், யார் சொல்வது நியாயம் என்று வாதாடுமுன், அன்று ஜீப் ஏறினதா என்று முதலில் கேட்போமாக.

நம் வீட்டுப் பெண்டிரும், ஆடவரும்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த ரொட்டியைச் சுட்டுப் பார்க்கலாம். ஏலத்தைப் பொடியாக வாங்காமல், பச்சை நிறம் மாறாத முழுக்காயாக வாங்குங்கள். பதினைந்தையும் குழந்தைகளை விட்டு எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு காய்க்கும் ஒரு பெண் ஒருமுறை விரல் நீட்டியிருக்கிறாள் என்பதையும் சொல்லுங்கள். விதையை எடுத்த பின் தோலை எறிந்துவிட வேண்டாம். தேயிலை டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்தால் ஒரு வாரத்துத் தேநீருக்கு மணம் போதும். இது அத்தை சொல்லிக் கொடுத்தது.