தவளைக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா?

இரண்டு ஆண்டுகளாக எழுதிவந்த ஒரு திட்ட வரைவை நேற்றிரவு என் நெறியாளருக்கு அனுப்பிவைத்தேன். ஆனைமுடியின் உச்சிப் பகுதியில் மட்டும் வாழும் ஒரு தவளையை, தேவை ஏற்படின், மனிதப் பராமரிப்பில் வைத்து இனம்பெருக்குவது எப்படி என்பதே அதன் பொருள். நாற்பத்தெட்டுப் பக்கங்கள். கடைசிப் பக்கத்தில் நான் எழுதியிருக்கும் பரிந்துரை, முதல் பக்கத்தை எழுதத் தொடங்கிய நாளில் எனக்கிருந்த நம்பிக்கைக்கு நேர் எதிரானது. அது எப்படி நேர்ந்தது என்பதை இங்கே எழுதிவைக்கத் தோன்றுகிறது.

அந்தத் தவளையின் அறிவியற்பெயர் ராவோர்செஸ்டஸ் ரெஸ்ப்ளெண்டென்ஸ். பேரினப் பெயரின் முற்பகுதி, தென்னிந்தியத் தவளைகளை ஆராய்ந்த முன்னோடியான பெங்களூர்ப் பேராசிரியர் சி. ஆர். நாராயண ராவைப் போற்றி வைக்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டில்தான் எஸ். டி. பிஜுவும் உடனாய்வாளர்களும் இந்த இனத்தை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். கட்டைவிரலின் நுனிக்கணு அளவே இருக்கும், செம்மஞ்சள் நிறம், உடலெங்கும் புடைத்த சுரப்பிகள், குட்டையான கால்கள். தாவுவதைவிடத் தரையில் ஊர்வதே அதற்கு இயல்பு. புல்வெளியில் வளரும் குட்டை மூங்கில் புதர்களின் அடியில் முட்டையிடுகிறது. இதற்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டைக்குள்ளேயே முழு வளர்ச்சியும் முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே வருகிறது.

இரவிகுளம் 1978 முதல் தேசியப் பூங்கா. வரையாடுகளின் பேறுகாலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவடைக்கும் அளவுக்குக் கவனத்தோடு பேணப்படும் காடு அது. அப்படியானால் இந்தத் தவளைக்கு என்ன ஆபத்து? மரம் வெட்டுவோர் இல்லை, அணை இல்லை, தேயிலைத் தோட்டம் உச்சிவரை ஏறவில்லை. ஆபத்து உயரத்தில் இருக்கிறது. வெப்பம் கூடினால் மலைவாழ் உயிர்கள் மேல்நோக்கி நகரும் என்பார்கள். ஆனைமுடி 2,695 மீட்டர். தென்னிந்தியாவில் அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. உச்சியில் இருப்பவர் எங்கே ஏறுவார்? உலகின் 8,011 நீர்நிலவாழ் இனங்களை மதிப்பிட்டு 2023 இல் வெளியான ஆய்வு, ஐந்தில் இரண்டு இனங்கள் அழிவின் அச்சுறுத்தலில் உள்ளன என்றது. 2004 க்குப் பின் நிலை மோசமானவற்றில் 39 விழுக்காட்டுக்குக் காலநிலை மாற்றமே முதன்மைக் காரணம் என்றும் சொன்னது. அதைப் படித்த வாரத்தில்தான் இந்த வரைவைத் தொடங்கினேன். வேலியால் காக்க முடியாத உயிரை அறைக்குள் வைத்தேனும் காக்க வேண்டும் என்பது அன்றைய என் உறுதி.

முதலில் வந்தது கணக்கு. எத்தனை தவளைகளைக் கொண்டு தொடங்குவது? உறவற்ற 20 உயிர்களை எடுத்தால், இயற்கைக் கூட்டத்தின் மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 97.5 விழுக்காடு நம்மிடம் வந்துவிடும். 10 எடுத்தால் 95. தாளில் இது எளிய சூத்திரம். ஆனால் மொத்தமே சில நூறு உயிர்கள் இருக்கக்கூடிய ஓர் இனத்தில் முதிர்ந்த 20 தவளைகளை எடுப்பது காப்பதா, கவர்வதா? முட்டைகளை எடுக்கலாம், அவற்றில் பல எப்படியும் இயற்கையில் பிழைக்கப்போவதில்லை. ஆனால் ஒரே கொத்திலிருந்து 20 முட்டைகளை எடுத்தால் அவை அத்தனையும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள். மரபுக் கணக்கில் அது இரண்டு உயிர்களுக்கு மேல் போகாது. ஆகவே பல கொத்துகளிலிருந்து இரண்டு மூன்றாக எடுக்க வேண்டும். அதற்குப் பல மூங்கில் புதர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிக்கப்படும் ஒவ்வொரு புதரும் அந்தத் தவளையின் வீடு.

அடுத்தது அறை. மலையுச்சியின் குளிர், பனிமூட்டம், பருவமழையின் தொடக்கத்தை உணர்த்தும் செயற்கைத் தூறல், எலும்பு வளைந்துபோகாமல் காக்கும் புற ஊதா விளக்கு, சுண்ணச்சத்துத் தூவிய இரை. இரைக்கென்று தனிப் பண்ணை வேண்டும்: பழ ஈக்கள், பொரித்த அன்றே கொடுக்க வேண்டிய சுவர்க்கோழிக் குஞ்சுகள், இலைமக்கில் தெறித்துத் திரியும் பொடிப்பூச்சிகள். வாயளவு இரை இல்லாமல் குட்டித் தவளைகள் பட்டினியால் சாவதுதான் இத்தகைய முயற்சிகளில் முதலில் வரும் இடர். தவளை வளர்ப்பதென்றால் பெரும்பொழுது பூச்சி வளர்ப்பதுதான் என்பதை அங்கே கற்றேன்.

அரிய இனத்தைத் தொடுமுன், அதன் உறவினமான ஒரு சாதாரணத் தவளையிடம் பழகிப் பார்க்க வேண்டும் என்பது இத்துறையின் நல்ல விதி. உரிய அனுமதியோடு, ஏலத் தோட்டத்து ஓரங்களில் மிகுதியாகக் காணப்படும் ஒரு புதர்த்தவளையின் முட்டைக் கொத்தைக் கொண்டுவந்தேன். முப்பத்தொரு முட்டைகள். ஒவ்வொன்றும் தெளிந்த கண்ணாடிக் குண்டு போலிருந்தது. இரண்டாம் வாரத்தில் உள்ளே கண்கள் தெரிந்தன. பிறகு விரல்கள், விரல்நுனியின் வட்டத் தட்டுகள்கூட. விளக்கொளி பட்டால் உள்ளிருந்து சட்டென்று திரும்பிக்கொள்ளும். முப்பத்தொன்றுக்கும் எண் கொடுத்து நாள்தோறும் வரைந்து வைத்தேன்.

மூன்றாம் வாரத்தில் மதுரையில் அத்தை மகளுக்குத் திருமணம். சனிக்கிழமை காலை எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுப் பேருந்து ஏறினேன். பெட்டிக்குள் ஈரப்பதம் காக்கும் மூடுபனிக் கருவிக்கு நீர் ஊட்டும் கேன் பாதிக்குமேல் இருந்தது. திங்கள் வரை போதும் என்று கண்ணளவில் முடிவு செய்தேன். போதவில்லை. சனி இரவு எப்போதோ நீர் தீர்ந்திருக்கிறது. திங்கள் காலையில் திரும்பியபோது, கண்ணாடிக் குண்டுகளாக இருந்தவை உலர்ந்து சுருங்கி இலையோடு ஒட்டிக் கிடந்தன. நான்கு மட்டும் உயிரோடிருந்தன. அவற்றுள் இரண்டுதான் குட்டிகளாக வெளிவந்தன.

ஆய்வகத்தில் நெடுங்காலமாக உதவியாளராக இருக்கும் சேட்டன் ஒருவர் உண்டு. தொகுப்பூதியப் பணி, ஞாயிறு விடுமுறை. நான் பெட்டியருகில் நிற்பதைப் பார்த்து வந்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மோளே, தவளைக்கு ஞாயறாழ்ச உண்டோ?" என்றார். கடிந்து சொல்லவில்லை, உண்மையாகவே கேட்பதுபோலக் கேட்டார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்து வந்து ஊற்றிவிட்டுப் போயிருப்பேனே" என்றும் சொன்னார். அவர் வீடு பத்து நிமிட நடைத் தொலைவுதான்.

எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. அன்றுவரை எழுதியிருந்த முப்பது பக்கங்களைத் திரும்பப் படித்தேன். ஈரப்பதம் எத்தனை விழுக்காடு, வெப்பம் எத்தனை பாகை, விளக்கு எத்தனை மணிநேரம் என்று எல்லாம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை யார் வருவார் என்பது இல்லை. மின்சாரம் போனால் யாருடைய தொலைபேசி ஒலிக்கும் என்பது இல்லை. அந்தத் தவளைகளை நாள்தோறும் பார்க்கப்போகிறவருக்கு நிலையான ஊதியம் உண்டா என்பது இல்லை. என் ஆய்வு உதவித்தொகைக்கு இன்னும் பதினான்கு மாதங்களே மீதம். நான் திட்டமிட்டதோ முப்பதாண்டுப் பணி.

அதன்பிறகு பிற நாடுகளின் அனுபவங்களை வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் வாழும் ஒரு சிறு தேரை முதலில் புதைபடிவமாகவே அறியப்பட்டது. பிறகு உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பாவில் அடைப்பிடங்களில் இனம்பெருக்கி அதை மீண்டும் தீவில் விட்டார்கள். பெரும் வெற்றியாகக் கருதப்பட்டது. ஆனால் விடப்பட்ட சிலவற்றோடு கைட்ரிட் பூஞ்சையும் சேர்ந்து காட்டுக்குள் போயிருந்ததை 2008 இல் வெளியான ஆய்வு காட்டியது. அடைப்பிடத்தில் தென்னாப்பிரிக்கத் தவளையினம் ஒன்றின் அருகில் வைத்து வளர்த்தபோது அந்தத் தொற்று வந்திருந்தது. அந்தப் பூஞ்சை 1999 இல்தான் பெயரிடப்பட்டது. விட்டவர்கள் அறிந்து செய்த பிழையன்று. ஆனால் காப்பாற்ற நீண்ட கையே நோயைக் கொண்டுபோயிற்று. பின்னர் தலைப்பிரட்டைகளைப் பிடித்து மருந்து கொடுத்தும், குளங்களை வடித்துக் கிருமிநீக்கம் செய்தும் அங்கே அதை ஒழித்தார்கள். தலைப்பிரட்டையே இல்லாத நம் தவளைக்கு, குளமே இல்லாத புல்வெளியில், அந்த வழியும் இல்லை.

இன்னொன்று தான்சானியாவின் கிஹான்சி தேரை. ஓர் அருவியின் சாரலில் நனையும் சில ஏக்கர் சரிவுதான் அதன் உலகம். மின்திட்டத்துக்காக அருவி நீர் திருப்பப்பட்டபோது, 2000 இல் 499 தேரைகளை அமெரிக்க விலங்குக் காட்சியகங்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் அவை சாகத் தொடங்கி, ஒரு கட்டத்தில் நூறுக்கும் கீழே இறங்கின. பராமரிப்பவர்கள் கற்றுக்கொண்டார்கள்; தேரைகள் மீண்டன. 2009 இல் இயற்கையில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட அந்த இனம், 2010 இல் தாய்நாடு திரும்பி, 2012 முதல் தன் சரிவில் மீண்டும் விடப்பட்டது. அங்கே இன்றைய சாரல் குழாய்களின் வழியே வருகிறது. காப்பிட இனப்பெருக்கம் வீண் என்று சொல்பவர்களுக்கு நான் எப்போதும் கிஹான்சியைச் சொல்வேன். அறைக்குள் கொண்டுபோகாமலிருந்தால் அந்த இனம் இன்று இல்லை. ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் செத்தவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை; வீடு ஏற்கெனவே உலர்ந்துகொண்டிருந்தது. நமக்கு இன்னும் சிறிது நேரம் இருக்கிறது.

ஆகவே என் வரைவின் பரிந்துரை இதுதான்: ஆனைமுடித் தவளையை இப்போது எடுக்க வேண்டாம்.

முதலில் சாதாரண உறவினத்தை வைத்து, முட்டையிலிருந்து முட்டைவரை, தொடர்ந்து மூன்று தலைமுறைகளை வளர்த்துக் காட்ட வேண்டும். அது கைகூடும்வரை அரிய இனத்துக்கான அனுமதியைக் கேட்கவே கூடாது. அறையில் வேறு நிலப்பகுதியின் தவளை எதுவும் இருக்கக் கூடாது. காலணியும் கருவிகளும் அந்த அறைக்கென்றே தனியாக இருக்க வேண்டும். வெளியேறும் நீர் கிருமிநீக்கம் செய்யப்பட வேண்டும். உச்சியில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து, ஒவ்வொரு பருவத்திலும் அழைப்பொலிகளைக் கணக்கிட வேண்டும். அந்த ஒலி தொடர்ந்து இரண்டு பருவங்களில் பாதியாகக் குறைந்தாலோ, நோய்ச்சாவு தென்பட்டாலோ, அன்று கூட்டம் போட்டு விவாதிக்காமல் உடனே எடுக்க வேண்டும். எத்தனை கொத்துகள், எங்கிருந்து, யார் கையால் என்பதெல்லாம் முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும். இறுதியாக, எடுத்தால் திரும்ப எங்கே விடுவது என்ற கேள்விக்கு ஒரு விடையேனும் இருக்க வேண்டும். திரும்பும் இடமில்லாத காப்பகம் ஓர் இனத்தின் முதியோர் இல்லம் மட்டுமே.

இன்று காலை நெறியாளர் அழைத்தார். "இனம்பெருக்கும் திட்டம் எழுதச் சொன்னேன், நீ இனம்பெருக்காமலிருக்கத் திட்டம் எழுதியிருக்கிறாய். ஆய்வேட்டில் இதை எதிர்மறை முடிவு என்பார்கள்" என்றார். "ஆமாம் சார்" என்றேன். சிறிது நேரம் கழித்து, "முப்பத்தொன்றாம் பக்கத்து அட்டவணையை நீக்கிவிடாதே" என்றார்.

அந்த அட்டவணை முழு வரைவிலும் எளியது. இடப்பக்கம் வாரத்தின் ஏழு நாள்கள். வலப்பக்கம் அன்று வரவேண்டியவர், அவர் வரமுடியாவிட்டால் வரவேண்டியவர், இருவரின் ஊதியம் எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை ஆண்டுகளுக்கு. வார நாள்களில் பெயர்களை நிரப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே சேட்டனின் பெயரை எழுதியிருக்கிறேன், அவரிடம் கேட்டுவிட்டு. ஊதியத்துக்கான கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. அதை நிரப்பும் அதிகாரம் உடைய எவரேனும் இதைப் படித்தால், அந்தக் கட்டத்திலிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குளிர்பதன அறையை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.